சுக்காய் பிந்துவும் உடைந்த மூடியும்

போன மாதம் சிம்பாங் அம்பாட்டில் ஒரு கலியாணம். பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார்.

"தம்பி, நீ பத்திரிகையில எழுதுற ஆளு. இது என்னான்னு படிச்சுச் சொல்லு. எனக்கு மலாய் பேச வரும், படிக்க வராது."

வாங்கிப் பார்த்தேன். சுக்காய் பிந்து. வீட்டு மதிப்பீட்டு வரிக்கான அரையாண்டுப் பில்.

"வரின்னு தெரியும். எதுக்கு வரின்னுதான் கேக்குறேன். முப்பது வருசம் தோட்டத்துல செம்பனைக் குலை வெட்டினேன். லயத்துல விளக்கு எரியலைன்னா கிராணிகிட்ட போய் நிப்போம். செய்வாரு. செய்யாட்டி நாலு வார்த்தை திட்டிட்டு வருவோம். இங்க யாரைத் திட்டுறது?"

தோட்டம் கைமாறியதும் கிடைத்த பணத்தையும் மகனுடைய சம்பாத்தியத்தையும் சேர்த்து ஒரு தாமானில் மலிவு விலை வீடு வாங்கியிருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாயின் சிமெண்டு மூடி உடைந்து ஐந்து மாதமாகிறதாம். அந்தி நேரத்தில் குப்பை போடப் போன அவர் மனைவி கால் இடறி விழுந்து, முழங்காலில் தையல் போட்டிருக்கிறது. "மூடி போடுற வரைக்கும் வரி கட்ட மாட்டேன்" என்பது பெரியவரின் தீர்மானம்.

"மூடி உடைந்ததை யாரிடமாவது சொன்னீர்களா, ஐயா?"

"யார்கிட்ட சொல்றது? ஊரே பாக்குதே!"

வாசக அன்பர்களே, இந்த 'ஊரே பாக்குதே' என்ற சொல்தான் இம்மாதம் என்னை எழுத வைத்தது. தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்த நம் குடும்பங்கள் பல இப்படித்தான் இருக்கின்றன. தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே வாசல். அது ஆபீஸ் வாசல். நகரத்தில் வாசல்கள் பல. எந்த வாசலில் எப்போது நிற்க வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சிம்பாங் அம்பாட்டுக்கு உரிய வாசல் செபராங் பிறை மாநகர் மன்றம். 1976-ல் நகராண்மைக் கழகமாகப் பிறந்தது. 2019 செப்டம்பர் 16-ல் மாநகர் மன்றமானது. தலைமை அலுவலகம் புக்கிட் மெர்தாஜாம், பண்டார் பெர்டாவில் இருக்கிறது. குப்பை அள்ளுவது, தாமான் கால்வாய், பூங்கா, பொதுச் சந்தை, மண்டபம், ஒட்டுக்கடை லைசென்ஸ் எல்லாம் அதன் பொறுப்பு. பெரிய சாலை பொதுப்பணி இலாகாவுடையது. ஆறும் பெரிய வாய்க்காலும் வடிகால் நீர்ப்பாசன இலாகாவைச் சேர்ந்தவை. குழாய்த் தண்ணீருக்குத் தனிக் கழகம் உண்டு. ஆண்டுக்கொரு முறை வரும் நில வரி வேறு, அது மாநில அரசாங்கத்துக்குப் போவது. அதைக் கட்டிவிட்டு, மாநகர் மன்றத்துக்கும் கட்டியாயிற்று என்று நினைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

சரி, மன்றத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? முதல் ஊற்று நம்முடைய சுக்காய் பிந்துதான். உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் எவ்வளவு வரும் என்று மதிப்பிட்டு, அதில் ஒரு பங்கை வரியாக எடுக்கிறார்கள். மாதம் 300 வெள்ளி வாடகை பெறும் வீடு என்றால் ஆண்டு மதிப்பு 3,600 வெள்ளி. நூற்றுக்குப் பத்து என்று வைத்தால், இது ஒரு கணக்குக்காகச் சொல்வது, ஆண்டுக்கு 360 வெள்ளி, அரையாண்டுக்கு 180. சட்டம் நூற்றுக்கு 35-க்கு மேல் போகக் கூடாது என்கிறது. மதிப்பீட்டுப் பட்டியலைத் திருத்தும்போது உங்களுக்கு நோட்டீஸ் வரும். மதிப்பு கூடிவிட்டது என்று தோன்றினால், அதில் குறித்த நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம். நம்மவர்கள் அந்தக் கடிதத்தை அரிசி டின்னுக்கு அடியில் வைத்துவிட்டு, பிறகு கோப்பிக் கடையில் ஆட்சேபம் செய்கிறார்கள்.

லைசென்ஸ் கட்டணம், கார் நிறுத்தக் கட்டணம், அபராதம், கடை வாடகை இவையும் வருமானம். மத்திய அரசாங்கமும் மானியம் தருகிறது. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சாலைப் பராமரிப்புக்கு மத்திய அரசாங்கம் மாநிலத்தின் வழியாகப் பணம் தருவது, 'மாரிஸ்' என்ற சாலைப் பதிவேட்டில் ஏறிய சாலைகளுக்குத்தான். புதுத் தாமானில் வீடு கட்டியவர் சாலையையும் கால்வாயையும் முறைப்படி ஒப்படைக்காமல் இருந்தால், 'இது இன்னும் எங்களுடையது ஆகவில்லை' என்ற பதில் வரும். ஆகவே உங்கள் சந்து ஒப்படைக்கப்பட்டதா என்பதுதான் முதல் கேள்வி. அடுக்கு வீட்டுக்காரர்களுக்கு வேறு கதை. லிப்டும் நடைபாதையும் 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி உங்கள் கூட்டு நிர்வாகத்தின் பொறுப்பு.

இந்தப் பணத்தை எங்கே செலவழிப்பது என்பது திடீரென்று முடிவாவதில்லை. அடுத்த ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தை இந்த ஆண்டிலேயே தயாரித்து, மன்றம் ஏற்று, மாநில அரசாங்கத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்கு முன்னால் ஒவ்வொரு பிரிவும் தன் தேவையை எழுதிக் கொடுக்கும். ஒரு மூடியை மாற்றுவது சில்லறை வேலை, எப்போதும் கேட்கலாம். கால்வாய் முழுவதையும் அகலப்படுத்த வேண்டும், பிள்ளைகளுக்கு ஆடுகளம் வேண்டும் என்றால் அது பெரிய செலவு. அதை ஆண்டுக் கடைசியில் கேட்டால் கணக்கு மூடியாகிவிட்டது. தீபாவளிக்கு முதல்நாள் துணி தைக்கக் கொடுத்தால் டைலர் என்ன செய்வார்? ஆடி மாதத்துக்கு முன்னால் உங்கள் மகஜர் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பது என் கணக்கு.

மன்ற உறுப்பினர்கள் 24 பேர். அவர்களுக்கு நாம் ஓட்டுப் போடுவதில்லை. மாநில அரசாங்கம் நியமிக்கிறது. எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஜார்ஜ் டவுனில் 1951-லேயே நகராண்மைத் தேர்தல் நடந்தது. 1957-ல் அது மாநகரானபோது முதல் மேயராக வந்தவர் நம் டி. எஸ். ராமநாதன். இன்றும் அவர் பெயரில் பினாங்கில் ஒரு சாலை இருக்கிறது. 1965-ல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி உள்ளாட்சித் தேர்தல்களை நிறுத்தினார்கள். அதே ஆண்டில் செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அமைந்த அரச விசாரணைக் குழு ஊராட்சி மன்றங்களை ஆராய்ந்து, தேர்தல் மறுபடியும் வேண்டும் என்றே சொன்னது. ஆனால் 1976-ஆம் ஆண்டுச் சட்டம் தேர்தலை அடியோடு எடுத்துவிட்டது. பினாங்கு மாநிலம் 2012-ல் தானே ஒரு சட்டம் இயற்றிப் பார்த்தது. 2014-ல் கூட்டரசு நீதிமன்றம் அது செல்லாது என்றது.

ஓட்டு இல்லாததால் வாயும் இல்லை என்று அர்த்தமில்லை. அதே 1976-ஆம் ஆண்டுச் சட்டம், மன்றம் வேறு விதமாகத் தீர்மானித்தாலன்றி அதன் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தே இருக்க வேண்டும் என்கிறது. நம்மில் எத்தனை பேர் ஒருமுறையாவது போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறோம்?

தாய்மார்கள் அடுத்ததை அவசியம் படிக்க வேண்டும். 2012-ல் பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகமும் தீவு, செபராங் பிறை இரண்டின் நகராண்மைக் கழகங்களும் சேர்ந்து ஒரு முயற்சி தொடங்கின. தீவில் ஜாலான் சுங்கை, இந்தப் பக்கம் அம்பாங்கான், இரண்டும் வசதி குறைந்தோர் வாழும் அடுக்கு வீடுகள். அங்கே வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். பிறகு பெண்கள், ஆண்கள், இளைஞர்கள், பிள்ளைகள், வயதானவர்கள், உடற்குறை உள்ளவர்கள் என்று தனித்தனியாக உட்கார வைத்து, 'உங்களுக்கு எது முதலில் வேண்டும்?' என்று கேட்டார்கள். கடைசியில் கையில் விளையாட்டுப் பணம் கொடுத்து, எந்த வேலைக்குச் செலவழிக்கலாம் என்று ஓட்டுப் போடச் சொன்னார்கள். ஜாலான் சுங்கையில் சுத்தம்தான் பெரிய குறையாக வந்தது. துப்புரவு வேலையை அங்கே குடியிருப்பவர்களே எடுத்துச் செய்தார்கள். கூலி வெளியே போகாமல் அந்த வீடுகளுக்கே வந்தது. அந்நாளில் செபராங் பிறைக் கழகத்தின் தலைவராக இருந்த டத்தோ மைமூனா முகமட் ஷரிப் இதற்குத் துணை நின்றார். பின்னாளில் ஐ.நா.வின் குடியிருப்பு அமைப்புக்கே தலைவியாகப் போனார்.

பிரேசில் நாட்டின் போர்ட்டோ அலெக்ரி நகரம் 1989-லேயே பட்ஜெட்டைக் குடிமக்கள் கூட்டத்தில் வைத்துப் பேசத் தொடங்கிவிட்டது. ஆனால் எனக்கு அதைவிட இந்த அம்பாங்கான் செய்தியே பெரிது. சிம்பாங் அம்பாட்டுக்காரர்கள் பஸ் ஏறிப் போகும் தூரத்தில், நம்மைப் போன்ற ஜனங்களிடம் கேட்டிருக்கிறார்கள். தனித்தனியாகக் கேட்டதும் நல்ல யோசனை. எல்லாரையும் ஒன்றாகக் கூட்டினால் முன் வரிசை ஆண்கள் கார் நிறுத்த இடம் கேட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்கள். அந்தியில் குப்பை போடப் போகிறவளுக்கு எங்கே விளக்கு இல்லை என்பது அவளுக்குத்தானே தெரியும்?

இன்னும் தோட்டத்து லயத்திலேயே இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வாசல் வேறு. தோட்டத்து வீடு, தண்ணீர், சுற்றுப்புறம் எல்லாம் 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டப்படி முதலாளியின் கடமை. நிர்வாகம் கேட்கவில்லையென்றால் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள்.

பெரியவரிடம் வருகிறேன். வரியைக் கட்டாமல் இருப்பது போராட்டம் ஆகாது என்று சொன்னேன். முதலில் நோட்டீஸ் வரும். அதற்கும் கட்டாவிட்டால் வாரண்டு வந்து வீட்டுச் சாமானை ஜப்தி செய்யச் சட்டத்தில் இடமிருக்கிறது. மூடியும் வராது, டெலிவிஷனும் போய்விடும். அவருக்குக் கோபம் தணியவில்லை. "அப்ப கிழவி கால் உடைஞ்சது சும்மாவா?" என்றார்.

கலியாண வீட்டிலேயே ஒரு தாள் வாங்கி மலாயில் கடிதம் எழுதினேன். தாமான் பெயர், சந்து, எந்த வீட்டு எண்ணுக்குப் பின்னால், எத்தனை மூடி, எவ்வளவு நீளம், எந்தத் தேதியில் விழுந்தார் என்று எல்லாம். 'கால்வாய் மோசம்' என்று மட்டும் எழுதினால் யார் வந்து தேடுவது? ஒரு படம் பிடித்து இணைக்கச் சொன்னேன். கொடுக்கும்போது இன்னொரு பிரதியில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள், புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், பதில் வராவிட்டால் அந்த எண்ணைக் காட்டித்தான் மன்ற உறுப்பினரைப் பார்க்க வேண்டும் என்றேன். கால்வாய் இன்னும் ஒப்படைக்கப்படாதது என்று தெரிந்தால் அதையும் எழுத்தில் கேட்கச் சொன்னேன்.

பெரியவர் கையெழுத்துப் போட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேர், ஒரு சீனர், ஒரு மலாய்க்காரர் உட்பட, மறுநாள் போடுவார்கள் என்றார். பிறகு மனைவியைக் கூப்பிட்டார். கட்டுப்போட்ட காலை மெதுவாக ஊன்றி வந்த அந்த அம்மாள் பேனாவைப் பிடித்துக்கொண்டு தயங்கினார்.

"நான் தமிழ்ல தான் எழுதுவேன், தம்பி. செல்லுமா?"

"செல்லும், அம்மா."

எழுத்து எழுத்தாகத் தன் பெயரை எழுதி முடித்து, மேலே பார்த்து, "விளக்கும் ஒண்ணு கேட்டு எழுதிடு" என்றார்.