வேர் காக்கும் நுண்ணுயிரும் வாழைக் கடனும்

புணே மாவட்டத்தின் இந்தாப்பூர் வட்டத்திலும் அதனை அடுத்த கர்மாளா வட்டத்திலும், உஜனி அணையின் நீர் எட்டும் இடங்களில், கரும்புக்கு அருகே வாழையும் செழிக்கிறது. நடப்படுவது பெரும்பாலும் திசு வளர்ப்பில் உருவான கிராண்ட் நைன். கன்றுகள் யாவும் ஒரே மரபு என்பது விளைச்சலுக்கும் ஏற்றுமதிக்கும் வசதி; நோய்க்கும் அதுவே வசதி.

நாங்கள் குறிப்பிடுவது வாழை வாடல் நோயை. ஃபுசேரியம் என்னும் பூஞ்சை வேர் வழியே நுழைந்து, நீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடுகிறது. அடி இலைகள் மஞ்சளாகிக் காம்பொடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடை போல் தொங்கும். மரம் மடிந்த பின்னும் பூஞ்சையின் வித்துகள் மண்ணில் பல்லாண்டுகள் உறங்கிக் கிடக்கும். மத்திய அமெரிக்கத் தோட்டங்களில் கோலோச்சிய குரோ மிஷேல் இரகத்தை 1960களுக்குள் உலக வணிகத்திலிருந்தே அகற்றியது இந்நோய்தான். நமக்கு அண்மையில், நஞ்சன்கூடு ரசபாளே அருகிப்போனதற்கும் இதுவே முக்கியக் காரணம். தமிழகத்தில் ரஸ்தாளி பயிரிடுவோர் இதனை நன்கறிவர். குரோ மிஷேலின் இடத்தைப் பிடித்த கேவண்டிஷ் குடும்பத்தைச் சேர்ந்ததே கிராண்ட் நைன். அக்குடும்பத்தையும் தாக்கவல்ல டி.ஆர்.4 வகைப் பூஞ்சை பீகாரிலும் உத்தரப்பிரதேசத்திலும் இப்போது கண்டறியப்பட்டுள்ளது.

கடன் வழங்குவோர் இதனை வேளாண் துறையின் கவலை என்று ஒதுக்கிவிட இயலாது. மழை பொய்த்தால் அடுத்த பருவத்தில் மீளலாம். வித்து தங்கிய வயலில் அதே வாழையை மீண்டும் நட இயலாது. வானிலை சார்ந்த பயிர்க் காப்பீடு வெப்பம், குளிர், காற்று ஆகியவற்றையே அளக்கும். மண்ணுக்கடியில் நடப்பது எந்த வானிலை நிலையத்திலும் பதிவாவதில்லை.

இந்நிலையில் மலிவான காவல் ஒன்று உண்டு. சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ், பேசில்லஸ் சப்டிலிஸ் ஆகிய பாக்டீரியாக்கள் வேரைச் சுற்றிக் குடியேறிப் பூஞ்சைக்கு இடமில்லாமல் செய்கின்றன. சூடோமோனாஸ் மண்ணிலுள்ள இரும்புச்சத்தைத் தானே பற்றிக்கொண்டு பூஞ்சையைப் பட்டினி போடுகிறது. பூஞ்சையை ஒடுக்கும் பொருள்களைச் சுரக்கிறது. வாழையின் எதிர்ப்பாற்றலையும் தூண்டுகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஹெக்டேருக்கு 2.5 கிலோ சூடோமோனாஸ் தூளைத் தொழு உரம், வேப்பம் பிண்ணாக்குடன் சேர்த்து மண்ணில் இடப் பரிந்துரைக்கிறது. கிழங்கில் சாய்வாகத் துளையிட்டு, இந்தப் பாக்டீரியா அடங்கிய மாத்திரைக் குப்பியை உள்ளே வைக்கும் முறையும் அதன் பரிந்துரையில் உண்டு.

இது மருந்தன்று, காவல். வாடத் தொடங்கிய மரத்தை மீட்காது; டி.ஆர்.4 புகுந்த வயலில் முழு அடைக்கலமும் தராது. நோயற்ற கன்று, பிற வயல் மண்ணை ஒட்டிக்கொண்டு வராத கருவிகள், வடிகால் ஆகியவற்றுடன் சேரும்போதே பயன் தரும். எனவே இதற்கான பணம் நடவுக்கு முன்பே உழவர் கையில் இருக்க வேண்டும்.

எங்கள் மேசைக்கு வரும் வாழைக்கடன் விண்ணப்பங்களில் கன்று, சொட்டுநீர், இரசாயன உரம் எல்லாம் தனித்தனிச் செலவினங்களாக இருக்கும். நுண்ணுயிரிக்கென ஒரு வரியை அரிதாகவே காண்கிறோம். ஒவ்வொரு மாவட்டத்திலும் பயிர்வாரிக் கடனளவை நிர்ணயிக்கும் தொழில்நுட்பக் குழு, வாழைக்கு அவ்வரியைக் கட்டாயமாகச் சேர்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. எப்படி உழுவது என்று உழவருக்கு வங்கி சொல்லித்தர வேண்டுமா எனச் சக அலுவலர் சிலர் வினவுவர். உரத்துக்கு இவ்வளவு எனக் கணக்கிடும்போது எழாத இவ்வினா இங்கு மட்டும் எழுவது வியப்பே.

'போட்டுப் பார்த்தோம், பலனில்லை' என்போரும் உண்டு. சில சமயம் குறை பொட்டலத்தில் இருக்கும். உள்ளிருப்பது உயிர், கடையின் வெயில் படும் அலமாரியில் கிடந்தால் மடிந்துவிடும். வாங்குவோர் பதிவு எண்ணையும் காலாவதி நாளையும் பார்க்க வேண்டும். சூடோமோனாஸ் எனில், ஒரு கிராமில் குறைந்தது 10 கோடி உயிரணுக்கள் இருப்பதாக உறையில் அச்சிட்டிருக்க வேண்டும். இரசாயனப் பூஞ்சைக்கொல்லியுடன் கலக்கலாகாது. பட்டியலிட்ட ரசீதைக் கேட்டு வாங்கிக் கடன் கோப்பில் சேர்த்தால், அச்செலவு நடப்பதும் எங்களுக்குத் தெரியவரும்.