சராசரிக்குள் அமுங்கும் குரல்

அச்சன்புதூரில் நின்று மேற்கே பார்த்தால் மலை. சாரல் இறங்கினால் நமக்குக் கொண்டாட்டம். ஆனால் 2024 மே 17 அன்று, சீசன் தொடங்குமுன்னரே, மலைமேல் பெய்த மழை பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளமாய் இறங்கி 17 வயது மாணவன் ஒருவனைக் கொண்டு போயிற்று. கீழே குளித்தவர்களுக்கு மேலே நடந்தது தெரியவில்லை.

மேலே நடப்பதைக் கீழே சொல்லும் கருவிகள் உண்டு. இதே மலைத்தொடரில் வடக்கே, மூணாறு அந்தோணியார் காலனியில், 2005இல் மண் சரிந்த இடத்தில் அமிர்தா பல்கலைக்கழகத்தார் அவற்றைப் பதித்தனர். மழையையும், மண்ணுக்குள் ஊறும் நீரின் அழுத்தத்தையும் அளந்து கம்பியின்றி அனுப்பும் உணர்கருவிகள் அவை. 2009 ஜூலையில் மழை வலுத்தபோது எச்சரிக்கையும் தந்தன.

இக்கருவிகளின் உயிர் பாட்டரி. அளப்பதற்குச் செலவு சொற்பம். தொலைவுக்கு அனுப்பத்தான் மின்சாரம் கரைகிறது. எனவே கருவிகளைக் குழுக்களாகப் பிரிக்கிறார்கள். குழுத் தலைவி மட்டும் எல்லாருடைய கணக்கையும் வாங்கிச் சுருக்கி அனுப்புவாள். உழைப்பு அவளுக்கே அதிகம். அவள் பாட்டரிதான் முதலில் தீரும். ஆகவே தலைமை முறைவைத்து மாறட்டும் என்று 2000இல் 'லீச்' என்ற வழியைச் சொன்னார்கள் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்த மூவர்: வெண்டி ஹைன்செல்மன், சென்னையில் பிறந்த ஆனந்த சந்திரகாசன், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த ஹரி பாலகிருஷ்ணன். (ஆண்டு முழுதும் ஒருத்தியே வகுப்புத் தலைவியாக இருக்கும் நம் வழக்கத்தைப் பற்றி நான் இங்கே ஒன்றும் சொல்லவில்லை!)

இதுவரை சரி. என் வழக்கு அந்தச் 'சுருக்கி' என்ற சொல்லோடுதான். மலையில் பத்துக் கருவிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்பது, மணிக்கு 5 மில்லிமீட்டர் மழை என்கின்றன. ஓர் ஓடையின் மேல் இருப்பது மட்டும் 85 என்கிறது. கூட்டி வகுத்தால் 13. தலைவி 13 என்று அனுப்பினால் பாட்டரி மிச்சம். கீழே எவரும் அஞ்சமாட்டார். அருவிக்கு வருவது அந்த ஓடைதான் என்றால்?

கருவி பழுதாகிப் பொய் சொல்லலாமே என்பர் சிலர். சொல்லலாம், அப்போது நாம் இழப்பது அரைமணி நேரக் குளியல். அடிக்கடி பொய்த்தால் மக்கள் அசையமாட்டார்கள் என்பதும் உண்மையே. அதற்கு வேண்டியது கருவியைப் பழுது பார்ப்பது, வாயை அடைப்பதன்று. அமைதியான நாளில் சராசரி போகட்டும். உச்ச அளவையும், அது எந்தக் கருவி என்பதையும் கூடவே சேர்த்தனுப்ப ஓரிரு எண்கள்தானே கூடும்? அளவு எல்லையை மீறினாலோ, சுருக்கமும் வேண்டாம், முறையும் வேண்டாம். அக்கருவி உடனே கத்தட்டும். பாட்டரி தீர்ந்தால், சாரல் ஓய்ந்தபின் மலையேறி மாற்றிக்கொள்ளலாம்.