2023 என்ன தனிப் பிறவியா?

"வீடியோ கேம் வரலாற்றிலேயே 2023தான் பொற்காலம். அதை அடித்துக்கொள்ள இன்னொரு வருஷம் வராது." கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. டிசம்பர் வந்தால் போதும், நடப்பு ஆண்டை 2023க்குப் பக்கத்தில் நிறுத்தி, உயரம் போதவில்லை என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

விமர்சனங்களைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் மதிப்பெண் கொட்டியதாம். மதிப்பெண்ணில் சறுக்கிய ஃபோர்ஸ்போக்கன், ரெட்ஃபால், கோல்லம் எல்லாமும் அதே 2023இல்தான் வந்தன. பட்டியல் போடும்போது அவை மட்டும் எப்படியோ மறந்துபோகின்றன.

புதுமை பொங்கியது என்பது அடுத்த பெருமை. அந்த ஆண்டு கொண்டாடப்பட்ட ரெசிடென்ட் ஈவில் 4, 2005ஆம் ஆண்டுச் சரக்கு. டெட் ஸ்பேஸ் 2008, மெட்ராய்டு பிரைம் 2002, சிஸ்டம் ஷாக் 1994. பழைய வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டுப் புதுமனை புகுவிழாப் பத்திரிகை நீட்டுகிறார்கள். ஹாஃப்-லைஃப், ஸ்டார்கிராஃப்ட், மெட்டல் கியர் சாலிட், ஆக்கரினா ஆஃப் டைம் நான்கும் வந்த 1998ஐப் பற்றி இவர்களிடம் பேசிப் பயனில்லை.

"ஒரே ஆண்டில் இத்தனை பெரிய கேம்களா!" என்று வியக்கிறார்களே, அதுதான் பெரிய வேடிக்கை. ஸ்டார்ஃபீல்டு 2022 நவம்பர் 11 அன்று வருவதாக இருந்தது. செல்டா வரிசையின் டியர்ஸ் ஆஃப் த கிங்டத்தை 2022க்கு என்று சொல்லிவிட்டு, 2023 மே மாதத்துக்குத் தள்ளியது நின்டெண்டோ. ஹாக்வார்ட்ஸ் லெகசிக்கு முதலில் குறித்த ஆண்டு 2021. அடுத்து 2022 என்றார்கள். கடைசியில் 2023 பிப்ரவரியில்தான் கைக்கு வந்தது. எல்லோரும் தலையில் தூக்கிவைத்து ஆடும் பால்டர்ஸ் கேட் 3 மட்டும் என்ன? 2020 அக்டோபரிலேயே அரைகுறை வடிவில் காசுக்கு விற்று, ஆடியவர்கள் சொன்ன குறைகளைக் கேட்டுக் கேட்டுத் திருத்தி, மூன்று ஆண்டு கழித்து முழுதாக வெளியிட்டது லேரியன். ஆக, குவிந்தது 2023இல். விளைந்தது அதற்கு முன்பு. முந்தைய ஆண்டுகளின் வரவையெல்லாம் இதன் கணக்கில் எழுதிவிட்டு, அவற்றை வறண்ட ஆண்டுகள் என்று திட்டுவது எந்த ஊர் நியாயம்? 2022க்கு என்று குறித்த எதையும் யாரும் தள்ளிப்போடாத ஒரு 2022ஐ நினைத்துப் பாருங்கள்: அந்த ஆண்டு வந்தேவிட்ட எல்டன் ரிங், கூடவே செல்டா, ஸ்டார்ஃபீல்டு, ஹாக்வார்ட்ஸ் லெகசி எல்லாம் ஒரே ஆண்டில். அப்போது கிரீடம் யார் தலையில் இருந்திருக்கும்?

துறையே செழித்தது என்றும் ஒரு வாதம் உண்டு. அந்தச் செழிப்பில்தான் எபிக் கேம்ஸ் செப்டம்பரில் சுமார் 830 பேரை வீட்டுக்கு அனுப்பியது. செயிண்ட்ஸ் ரோவைத் தந்த வோலிஷன் ஸ்டூடியோ ஆகஸ்ட் கடைசியில் மூடப்பட்டது. ஜெர்மனியின் மிமிமி கேம்ஸ் அதே ஆகஸ்டில் ஷேடோ கேம்பிட்டை வெளியிட்டு, விமர்சகர்களிடம் நல்ல பெயரும் வாங்கியது. மாதம் முடிவதற்குள், ஸ்டூடியோவை மூடுவதாக அறிவித்துவிட்டார்கள்.