டேலி சொன்னா சரியாத்தான் இருக்குமா?

பிளஸ் டூ கணக்குப்பதிவியல் புத்தகத்தில் கடைசிப் பாடம் டேலி. பார்த்துப் பார்த்து நாமே படிச்சிரலாம் என்கிறார்கள். நானும் அக்காவின் லேப்டாப்பில் உட்கார்ந்தேன். புத்தகத்தில் இருப்பது டேலி ஈ.ஆர்.பி. 9. 2020-ல் வந்த டேலி பிரைமில் 'டிஸ்ப்ளே' என்பது 'டிஸ்ப்ளே மோர் ரிப்போர்ட்ஸ்' ஆகிவிட்டது. அது கிடக்கட்டும், தேடினால் கிடைக்கும்.

புத்தகக் கணக்கு போரடிக்கவே, மாமாவின் ரப்பர் ஷீட் கடைக் கணக்கைப் போட்டேன். (கல்விப் பதிப்பு 1, 2, 31 தேதிகளை மட்டும்தான் ஏற்கும். 15-ம் தேதி வாங்கிய ஷீட்டும் 2-ம் தேதிக்குப் போயிற்று!) கடைக்கு வாங்கிய 6,000 ரூபாய் தராசையும் எஃப்9 அமுக்கிக் கொள்முதலில் சேர்த்துவிட்டேன். இருப்பாய்வு டக்கென்று பொருந்தியது. எனக்கு ஒரே சந்தோஷம்.

மாமா பார்த்துவிட்டு, "லேய், தராசையுமா நான் விக்கப்போறேன்?" என்றார். லாபத்தில் 6,000 குறைந்திருந்தது. பதினொன்றாம் வகுப்பில் மனப்பாடம் செய்த 'விதிப்பிழை' இதுதான் என்று அப்போதுதான் உறைத்தது.

எந்த பட்டன் என்று புத்தகம் சொல்லும். போட்டது சரியா என்று டேலி கேட்காது. அதனால் ஒரு புத்தகப் பயிற்சி போட்டால், ஒரு கடைக் கணக்கும் போட்டு, கடைக்காரரிடமே காட்டுங்கள். ஆசிரியர்களும் இதற்கு வாரம் ஒரு பீரியட் ஒதுக்கித் தரவேண்டும்.