9 மணி நேரம் 13 ஆனது எப்படி? ஹெல்சிங்கி - டோக்கியோ விமானக் கணக்கு

பின்லாந்தின் ஹெல்சிங்கிக்கும் ஜப்பானின் டோக்கியோவுக்கும் இடையே வான்வழி நேர் தூரம் சுமார் 7,800 கி.மீ. ஜெட் விமானம் மணிக்கு ஏறத்தாழ 900 கி.மீ. வேகத்தில் பறக்கும். வகுத்துப் பார்த்தால் 9 மணி நேரம் வருது இல்லையா? 2022 பிப்ரவரி வரை நிஜத்திலும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. அதன் பிறகு அதே டிக்கெட்டில் 13 மணி நேரம் என்று காட்டுகிறது. ஊர் எதுவும் நகரவில்லை, விமானமும் மெதுவாகிவிடவில்லை.

உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்ததும், ரஷ்ய விமானங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தன் வான்வெளியை மூடியது. ரஷ்யாவும் பதிலுக்கு மூடியது. சைபீரியாவுக்கு மேலே போகும் பாதைதான் இந்த இரு நகரங்களுக்கும் குறுக்குவழி. ஒரு பூகோள உருண்டையில் நூலைப் பிடித்துப் பார்த்தால் உடனே புரிந்துவிடும். ஆசியாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஐரோப்பிய நகரம் என்பதை வைத்தே தொழில் நடத்திய ஃபின்ஏர் நிறுவனத்துக்கு இது பலத்த அடி.

இப்போது இரண்டே வழி. ஒன்று, துருக்கி, கஜகஸ்தான், சீனா என்று தெற்கே சுற்றுவது. இன்னொன்று, வட துருவத்தைத் தாண்டி, அலாஸ்கா பக்கம் இறங்கி, பசிபிக் மேலே வருவது. காற்று எந்தப் பக்கம் சாதகமோ அந்தப் பக்கம். துருவப் பாதையில் தூரம் 12 ஆயிரம் கி.மீ.-ஐத் தாண்டிவிடுகிறது. நடுவழியில் அவசரமாக இறங்க நேர்ந்தால் உறைபனியில் வெளியே போக வேண்டுமே என்பதற்காக, விமானத்தில் சிறப்புக் குளிர் உடைகளும் ஏற்றப்படுகின்றன. பயணிகளுக்கு 'வட துருவத்தைக் கடந்தவர்' என்று சான்றிதழ் வேறு! நாலு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்ததற்கு ஒரு காகிதம்.

வேடிக்கை என்னவென்றால், 1983-ல் ஃபின்ஏர் டோக்கியோவுக்கு முதல் இடைநில்லா விமானம் விட்டபோதும் இதே துருவப் பாதைதான். அன்று சோவியத் வானம் கிடைக்கவில்லை. கூடுதல் எரிபொருள் தொட்டி பொருத்திய டிசி-10 விமானம் சுற்றிப் போனது. 39 வருஷம் கழித்து கதை அதே இடத்துக்கு வந்து நிற்கிறது.

தன் மண்ணுக்கு மேலுள்ள வானம் அந்தந்த நாட்டுக்கே சொந்தம் என்கிறது 1944 சிகாகோ உடன்படிக்கை. அதனால் ரஷ்யா மூடியதைச் சட்டப்படி கேள்வி கேட்பது கஷ்டம். ஆனால் சீன விமான நிறுவனங்களுக்கு அந்தத் தடை இல்லை. அவை சைபீரியா மேலேயே பறந்து நேரத்தையும் எரிபொருளையும் மிச்சம் பிடிக்கின்றன. ஒரே வானத்தில் இரண்டு விதி.

சுற்றுப்பாதையின் செலவைக் கடைசியில் கட்டுவது பயணிதான். பாகிஸ்தான் 2025 ஏப்ரலில் தன் வான்வெளியை மூடியதிலிருந்து டெல்லியில் இருந்து மேற்கே பறக்கும் இந்திய விமானங்களுக்கும் இதே நிலைமை. போரை நிறுத்துவது விமான நிறுவனங்களின் கையில் இல்லை. ஆனால் இந்த விமானம் எந்த வழியாகப் போகும், எத்தனை கி.மீ. சுற்றும், எவ்வளவு எரிபொருள் கூடுதலாக எரியும் என்பதை டிக்கெட் விற்கும் பக்கத்திலேயே ஒரு வரியில் சொல்ல முடியும். பணம் கட்டும் முன்பே அது தெரிந்தாக வேண்டும்.