சோத்துப் பைக்கு டிக்கெட் கிடையாது

"அண்ணா, அந்தப் பார்க் பக்கத்துல சாப்பிட நல்ல எடம் எது?"

2025 மே மாசம் தாம்பரத்திலிருந்து தங்கச்சி போன் பண்ணிக் கேட்டாள். நவரை அறுப்பு முடிஞ்சு, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு, பணம் எப்போ ஏறும்னு பேங்க் மெசேஜைப் பார்த்துக்கிட்டு இருந்த நேரம். பிள்ளைங்களுக்கு லீவு. சென்னைக்குத் தெற்கே இருக்கும் தண்ணி விளையாட்டுப் பார்க் ஒண்ணுக்கு ரெண்டு குடும்பமும் சேர்ந்து போறதா ஏற்பாடு.

"எதுக்குடி கடை? நான் கட்டிக்கிட்டு வரேன்"னு பக்கத்தில் இருந்து அம்மா கத்தினாங்க. ராத்திரி மூணு மணிக்கு எழுந்து புளிச்சோறு, தயிர்சோறு, உருளைக்கிழங்கு வறுவல், அவிச்ச வேர்க்கடலை. அம்மாவுக்குச் சர்க்கரை. அதனால தனக்கு மட்டும் முருங்கைக்கீரை போட்டுக் கேழ்வரகு அடை. வாழை இலையை வாட்டித் துணியில் சுற்றி எடுத்துக்கிட்டாங்க. மதுராந்தகத்துப் பக்கத்திலிருந்து வேன் கிளம்பும்போதே வண்டி முழுக்கப் புளிச்சோத்து வாசனை. டிரைவர் பையன் ரெண்டு தடவை திரும்பிப் பார்த்தான்.

பார்க் வாசலில் பையைத் திறக்கச் சொன்னாங்க. வெளி உணவுக்கு அனுமதி இல்லைன்னு பலகை. அம்மாவோட இன்சுலின் ஊசியைக் காட்டினேன். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி போடணும், போட்டா நேரத்துக்குச் சாப்பிட்டாகணும்னு சொன்னேன். ஊசியை எடுத்துக்கிட்டுப் போகலாமாம். அடையை எடுத்துக்கிட்டுப் போகக் கூடாதாம். "உள்ள ஃபுட் கோர்ட் இருக்கு சார்."

வாசலில் நின்ன பையனை நான் திட்டவில்லை. பேச்சைக் கேட்டாலே தெரிஞ்சது, எங்க பக்கத்துப் பையன்தான். அவன் நாற்காலிக்குக் கீழே எவர்சில்வர் டிபன் பாக்ஸ் இருந்தது. அவன் அம்மா கட்டிக் கொடுத்ததா இருக்கும். சட்டம் போட்டவன் ஏசி ரூமில் இருக்கான், அவனை நமக்குத் தெரியாது.

டிக்கெட் முன்னாடியே எடுத்தது, பணம் திரும்ப வராது. அம்மா யோசிக்கவே இல்லை. "நீங்க போங்க, நான் வேன்கிட்ட இருக்கேன்"னுட்டாங்க. நான் கூட இருக்கேன்னாலும் கேட்கவில்லை. பேரப்பிள்ளைங்க தண்ணியில குதிக்கறதைப் பார்க்கணும்னு வந்த மனுஷி, டிக்கெட்டைக் கையில் வெச்சுக்கிட்டுப் பார்க்கிங்ல வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாங்க. எனக்கு அந்த ஊஞ்சலிலும் ராட்டினத்திலும் மனசே போகவில்லை.

மத்தியானம் உள்ளே பிள்ளைங்களுக்குப் பசி. எலுமிச்சை சாதம் 160 ரூபாய். ஒரு சின்ன அட்டைத் தட்டு, மேலே ஒரு அப்பளம்.

நான் நெல் விக்கிறவன். எனக்குக் கணக்குதான் முதல்ல ஓடும். அந்தத் தட்டில் இருந்தது 100 கிராம் அரிசியில் வடித்த சோறு, அதுக்கு மேல இருக்காது. 100 கிராம் அரிசிக்குச் சுமாரா 150 கிராம் நெல் வேணும். அந்தப் பருவத்தில் தமிழ்நாட்டுக் கொள்முதல் நிலையத்தில் சன்ன ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2450 ரூபாய், ஊக்கத்தொகையும் சேர்த்து. அப்படின்னா அந்தத் தட்டில் இருந்த நெல்லுக்கு என் கைக்கு வந்தது 4 ரூபாய்கூட இல்லை. நான் விளைய வெச்ச சோத்தை 160 கொடுத்து நானே வாங்கித் தின்னேன்.

அவன் 4 ரூபாய்க்கு விக்கணும்னு சொல்ல எனக்கு என்ன பைத்தியமா? எண்ணெய் இருக்கு, கேஸ் இருக்கு, சமையக்காரன் சம்பளம், கரண்டு எல்லாம் இருக்கு. இதே செலவெல்லாம் செஞ்சுதான் கேளம்பாக்கத்தில் மெஸ் வெச்சிருக்கறவங்க கட்டடத் தொழிலாளிக்கும் ஐடி பசங்களுக்கும் வயிறு நிறையப் போடறாங்க. அவங்ககிட்ட விலை பிடிக்கலைன்னா எழுந்து அடுத்த கடைக்குப் போகலாம். இங்கே கதவைச் சாத்திட்டு விலை சொல்றான்.

தியேட்டர் வழக்கைச் சிலர் ஞாபகப்படுத்துவீங்க. தெரியும். 2018-ல் ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றம் தியேட்டருக்குள் வெளி உணவைத் தடுக்கக் கூடாதுன்னு சொன்னது. 2023 ஜனவரி 3 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தியேட்டர் முதலாளியோட தனிச் சொத்து, அவர் நிபந்தனை போடலாம். ஆனா குடிதண்ணி இலவசமாக் கொடுக்கணும், கைக்குழந்தைக்கு அளவாகக் கொண்டுவரும் உணவைத் தடுக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. சரி, தீர்ப்புக்குத் தலைவணங்கறேன். ஆனா சினிமா மூணு மணி நேரம். பசிச்சாலும் தாங்கிக்கலாம். பார்க்கில் காலையில் நுழைஞ்சா சாயங்காலம்தான் வெளியே. நடுவில் ஒரு முழுச் சாப்பாட்டு வேளை கிடக்குது. கைக்குழந்தைக்கு இருக்கற நியாயம் சர்க்கரைக்கார ஆயாவுக்கு இல்லையா?

சுத்தம்தான் காரணம்னா அதையும் ஏத்துக்கறேன். குளத்துக்குள்ள சோத்துப் பருக்கை மிதந்தா யாருக்கும் அருவருப்புதான். நம்ம ஆளுங்க இலையை எங்கே போடறாங்கன்னு எனக்கும் தெரியும், ஏரிக்கரையில பொறுக்கறவன் நான். அதுக்கு வாசலுக்கு உள்பக்கம் ஒரு கொட்டகை போடு. நாலு பெஞ்ச், ஒரு குழாய், ஒரு குப்பைத் தொட்டி. அங்கேயே சாப்பிட்டுக் கை கழுவிட்டுப் போங்கன்னு சொல்லு. அதைச் செய்ய எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. செஞ்சா 160 ரூபாய்த் தட்டு விக்காது, அவ்வளவுதான்.

என் கோபம் பாதி உங்க மேலயும்தான், பட்டணத்து சனங்களே. வரிசையில் என் முன்னாடி நின்ன குடும்பம் இட்லிப் பொட்டலத்தைப் பேசாம எடுத்துக் குப்பைத் தொட்டியில போட்டுது. சூடு ஆறாத இட்லி. ஒரு வார்த்தை கேட்கலை. "ரூல்ஸ்னா ரூல்ஸ்தான்"னு அந்த அப்பா பிள்ளைக்குச் சொல்றாரு. காய்கறி வாங்கும்போது கருவேப்பிலைக்கு எங்ககிட்ட வாதாடற வாய்தானே அது?

அப்புறம் சாயங்காலம் திரும்பும்போது "கிராமத்து விருந்து"ன்னு போர்டு போட்ட கடைக்கு வண்டியைத் திருப்பறீங்க. தங்கச்சி வீட்டுக்காரரும் அங்கேதான் போகலாம்னாரு. வாசலில் ஒரு மாட்டுவண்டிச் சக்கரம் சாத்தியிருக்கு. எங்க ஊரில் ஒருத்தர் மாட்டை வித்ததும் சக்கரத்தைப் பழைய சாமான்காரன்கிட்ட எடைக்குப் போட்டாரு. அது இப்படி எங்கேயோதான் வந்து நிக்குது. உள்ளே மண்சட்டியில பன்னீர் பட்டர் மசாலா. நாங்க இதை எந்தக் கிராமத்தில் தின்னோம்னு மாப்பிள்ளையைக் கேட்டேன். சிரிச்சாரு.

சரி, கேள்விக்குப் பதில் சொல்லிடறேன், இல்லேன்னா தங்கச்சி விடமாட்டா. காலையில வயிறு நிறையத் தின்னுட்டு உள்ளே போங்க. பார்க்கிங்கில் நிழல் இருந்தா கட்டுச்சோத்தை அங்கே முடிச்சுக்கங்க. ஆனா ஒருதடவை வெளியே வந்தா திரும்ப உள்ளே விடுவாங்களான்னு முன்னாடியே கேட்டுக்கங்க. கோடையில ரோட்டோரம் கேழ்வரகுக் கூழ்த் தள்ளுவண்டி நிக்கும். மோர் மிளகாய், மாங்காய், கருவாடு தொட்டுக்க. ஏசி தேடற கண்ணுக்குத்தான் அது தெரியாது. நுங்கு சீவற ஆளைப் பார்த்தா வண்டியை நிறுத்துங்க. திண்டிவனம், மரக்காணம் பக்கத்துத் தர்பூசணி குவிச்சு வெச்சிருப்பாங்க, பேரம் பேசாம வாங்குங்க. மீன் வேணும்னா கோவளம். சாப்பாடு வேணும்னா கேளம்பாக்கம், திருப்போரூர் பக்கம் சின்ன மெஸ்ஸா பாருங்க. எதில் வேன் டிரைவரும் கொத்தனாரும் உட்கார்ந்திருக்காங்களோ அதில் நுழையுங்க. ஒரு மணிக்கு முன்னாடி போனா சோறு சூடா இருக்கும், ரெண்டரைக்கு மேல போனா ரசம்தான் மிச்சம். சக்கரம் சாத்தியிருந்தா தாண்டிப் போயிடுங்க.

அன்னைக்கு நாலு மணிக்கு வெளியே வந்தப்போ, அம்மா மரத்தடியில் டிரைவர் பையனோட உட்கார்ந்து வேர்க்கடலை உரிச்சுக்கிட்டு இருந்தாங்க. பன்னிரண்டு மணிக்கே அடையைச் சாப்பிட்டாச்சாம். எங்க பங்குப் புளிச்சோத்தை அவனுக்கும் பக்கத்து வண்டி டிரைவருங்க மூணு பேருக்கும் இலை போட்டுப் பரிமாறியாச்சாம். எங்களுக்குத் தூக்குச்சட்டியில் ரெண்டு கை தயிர்சோறுதான் மிச்சம். பிள்ளைங்க அதுக்கு அடிச்சுக்கிட்டாங்க.

பொங்கல் லீவுக்கு மறுபடியும் ஒரு பார்க் போகலாம்னு தங்கச்சி ஆரம்பிச்சிருக்கா. அம்மா ஒண்ணுதான் சொன்னாங்க. "எனக்கு டிக்கெட் எடுக்காதேடா. ஆனா அந்த டிரைவர் புள்ளையவே கூப்பிடு. அவனுக்குப் புளிச்சோறு புடிச்சிருந்துது."