ஒழுகுவது ஒரு ஹோஸ், மாற்ற வேண்டியது அத்தனையும்

பழைய புரோட்டோன் சாத்ரியா ஜிடிஐ ஒன்று ரேடியேட்டர் ஹோஸ் ஒழுகுகிறது என்று பட்டறைக்கு வந்தால், உலு சிலாங்கூர் வட்டாரத்தில் அடிக்கடி நடப்பது இதுதான். கிளிப்பை இன்னும் ஒரு சுற்று முறுக்குவார்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் ஒழுகுகிற ஹோஸை மட்டும் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது ஒன்றைப் போட்டு, பைப் தண்ணீரை ஊற்றி அனுப்பிவிடுவார்கள். செலவு குறைந்ததில் கார்க்காரருக்கும் மகிழ்ச்சி. ஆனால் இந்தச் சிக்கனம் எஞ்சினைத் தின்றுவிடும்.

வேறெங்கேனும் என்றால் இதை இவ்வளவு அழுத்திச் சொல்லத் தேவையில்லை. அம்பாங் பெச்சாவில் சொல்லியே ஆக வேண்டும். 1883இல் அணை உடைந்து வெள்ளம் அழித்த பழைய கோலகுபுதான் இன்றைய அம்பாங் பெச்சா. அதைத் தாண்டிக் கோலகுபு பாருவுக்குள் நுழைந்தால், கூட்டரசு சாலை 55 சுங்கை சிலாங்கூர் அணையை ஒட்டி வளைந்து வளைந்து கேப் என்னும் இடம் வரை ஏறுகிறது. அங்கிருந்து பிரேசர் மலை உச்சிக்கு மேலும் சுமார் 8 கிலோமீட்டர். வார இறுதியில் ராசா, கெர்லிங், பத்தாங் காலி, செரண்டா பக்கத்து இளைஞர்கள் தங்கள் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை எடுத்துக்கொண்டு ஏறுவது இந்தச் சாலையில்தான். விடாத ஏற்றம், இரண்டாம் மூன்றாம் கியர், குறைந்த வேகத்தில் அதிக சுற்று. ரேடியேட்டருக்கு முன்னால் காற்று குறைவாக வருகிற நேரம் பார்த்து எஞ்சின் அதிகச் சூட்டைக் கக்கும் பாதை இது. சில இடங்களில் கைப்பேசிக்குச் சிக்னலும் கிடைக்காது.

சாத்ரியா ஜிடிஐ நம் நாட்டுத் தயாரிப்பில் மிகவும் நேசிக்கப்பட்ட கார்களில் ஒன்று. 1996இல் புரோட்டோன் லோட்டஸ் நிறுவனத்தை வாங்கிய பிறகு, அந்த ஆங்கிலேய நிறுவனத்தின் பொறியாளர்கள் சீர்செய்த சஸ்பென்ஷனோடு 1990களின் இறுதியில் வந்தது. 2005 வரை தயாரானது. அதன் 1.8 லிட்டர் மிட்சுபிஷி 4ஜி93 எஞ்சின் ஏறக்குறைய 140 குதிரைத்திறன் தரும். இன்று ஓடுகிற ஜிடிஐ கார்களில் மிக இளையதற்கே இருபது வயது தாண்டிவிட்டது. பெயின்ட் புதிதாக இருக்கலாம், ரிம் புதிதாக இருக்கலாம். பானட்டுக்குள் இருக்கும் ரப்பருக்கு யார் வயது பார்த்தார்கள்?

ஹோஸில் சிறு ஒழுகல் வந்தால் என்ன ஆகிவிடப் போகிறது, தண்ணீரை ஊற்றிக்கொண்டே ஓட்டலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. கார் எஞ்சினைக் குளிர்விப்பது தண்ணீர் மட்டும் அல்ல, அழுத்தத்தில் அடைபட்ட தண்ணீர். ரேடியேட்டர் மூடி சுமார் 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 118 டிகிரி செல்சியஸை நெருங்கித்தான் கொதிக்கும். பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்தால் இன்னும் பத்து டிகிரி போல் உயரும். ஹோஸ் பிளந்த நொடியில் அந்த அழுத்தம் போய்விடுகிறது. சமவெளியில் கொதிநிலை 100 டிகிரி. கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேல் இருக்கும் பிரேசர் மலையில் அது 96 டிகிரிதான். சாதாரணமாக ஓடும் எஞ்சினின் சூடே 90ஐ ஒட்டி இருப்பதால், அழுத்தம் இழந்த தண்ணீர் மலையில் கொதிக்க அதிக நேரம் எடுக்காது.

4ஜி93 எஞ்சினின் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அளவு மீறிச் சூடானால் ஹெட் வளைகிறது, கேஸ்கெட் விட்டுக்கொடுக்கிறது, எண்ணெயும் தண்ணீரும் கலந்துவிடுகின்றன. இதில் ஒரு ஏமாற்றும் உண்டு. கூலண்ட் முழுவதும் வெளியேறிவிட்டால் வெப்ப முள் சில நேரம் கீழே இறங்கிவிடும். உணரியைத் தொட்டுக்கொண்டிருந்த திரவம் இப்போது அங்கே இல்லை, வெறும் காற்றுதான் இருக்கிறது. முள் இறங்கியதைப் பார்த்து ஓட்டுநர் நிம்மதியாகத் தொடர்ந்து ஓட்டுவார். எஞ்சின் போவது அப்போதுதான்.

ரப்பரைப் பற்றி இந்த வட்டாரத்துக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தோட்டப்புறத்தில் பால்மரம் சீவிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள்தான் இன்று இந்தக் கார்களை ஓட்டுகிறார்கள். ஆனால் மரத்துப் பாலில் செய்த ரப்பர் ரேடியேட்டர் ஹோஸுக்கு உதவாது. சூடும் ஓசோனும் அதைச் சீக்கிரம் வெடிக்கச் செய்துவிடும். இந்த ஹோஸ்கள் பெட்ரோலிய மூலப்பொருளில் செய்த ஈபிடிஎம் என்னும் செயற்கை ரப்பர். சூட்டையும் கூலண்டையும் அது நன்றாகத் தாங்கும், எண்ணெயை மட்டும் தாங்காது. மேலே வால்வ் கவர் கேஸ்கெட் கசிந்து சொட்டுச் சொட்டாக ஹோஸில் விழுந்தால், அந்த இடம் ஊறி உப்பி மெத்தென்று ஆகிவிடும். இன்னொரு கேடு கண்ணுக்குத் தெரியாதது. எஞ்சின் உலோகம், கூலண்ட், ஹோஸ் மூன்றும் சேர்ந்து மெல்லிய மின்வேதிச் செயலை உண்டாக்கி, ஹோஸின் உட்சுவரில் நுண்ணிய பிளவுகளை ஏற்படுத்துகின்றன. வெளியே பளபளப்பாக இருக்கும் ஹோஸ் உள்ளே கிழிந்திருக்கும். எஞ்சின் ஆறிய பிறகு, கிளிப்புக்குப் பக்கத்தில் விரலால் அழுத்திப் பார்த்தால் நடுப்பகுதியைவிட ஓரம் தளர்ந்திருப்பது தெரியும்.

ஒன்றை மட்டும் மாற்றுவது ஏன் தவறு என்பது இங்கிருந்தே விளங்கும். மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், பைபாஸ் ஹோஸ், திராட்டிலுக்குப் போகும் சிறு ஹோஸ்கள் எல்லாம் பெரும்பாலும் ஒரே வயதுடையவை, ஒரே சூட்டில் வெந்தவை. ஒழுகும் வரை அந்தத் துளை வழியே அழுத்தம் கசிந்துகொண்டிருந்தது. அதை அடைத்ததும் முழு அழுத்தமும் திரும்புகிறது. அடுத்துப் பலவீனமாக இருக்கும் ஹோஸ் மறுவாரமே மலைப்பாதையில் வெடிக்கிறது. அடுத்தடுத்துப் பட்டறைக்கு வரும் கார்க்காரர் மெக்கானிக்கைத் திட்டுவார். மெக்கானிக் முதல் நாளே எல்லாவற்றையும் மாற்றச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னபோது இவரும் கேட்டிருக்க வேண்டும்.

வேலை ஒன்றும் பெரிய வித்தை அல்ல, பொறுமைதான் வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே கூடாது. பீய்ச்சும் நீராவியில் முகமும் கையும் வெந்துபோகும். ஆறிய பிறகு கூலண்டை ஒரு பாத்திரத்தில் வடித்துக்கொள்ள வேண்டும். இறுகிப்போன ஹோஸை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால், வயதான ரேடியேட்டரின் பிளாஸ்டிக் கழுத்து உடைந்துவிடும். பிளேடால் ஹோஸை நீளவாக்கில் கீறி உரித்து எடுப்பதே சரி. எஞ்சின் பக்கத்து அலுமினியக் கழுத்தில் வெள்ளையாகப் பொரிந்திருக்கும் உப்பை நைஸான மணல்தாளால் தேய்த்து, விரல் வழுக்கும் வரை சுத்தம் செய்ய வேண்டும். அந்தப் பொரி இருந்தால் புது ஹோஸும் ஒழுகும். கழுத்தின் ஓரத்தில் ஒரு வரம்பு இருக்கும். கிளிப் அதைத் தாண்டி உள்பக்கம் உட்கார வேண்டும். இதைச் சரியாகப் பார்க்காமல் வரம்பின் மேலேயே கிளிப்பை முறுக்குவதால்தான் பாதி ஒழுகல்கள் திரும்ப வருகின்றன.

நீலமும் சிவப்புமாகக் கடையில் தொங்கும் சிலிகான் ஹோஸ்கள் மேல் இளைஞர்களுக்கு ஒரு மோகம். தரமானவை சூட்டை மிக நன்றாகத் தாங்கும். ஆனால் சாதாரண முறுக்குக் கிளிப்பின் பல் அந்த மென்மையான சிலிகானைக் கடித்து அறுத்துவிடும். உள்பட்டை வைத்த கிளிப் தேவை. நிறத்துக்காக மலிவானதை வாங்குவதைவிட, கார் பிறந்தபோது இருந்த அதே கறுப்பு ரப்பர் வகையே மேல். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் ஹாஃப்-கட் காரின் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு வரும் ஹோஸ்களைத் திரும்பப் பயன்படுத்துவது இன்னும் மோசம். எஞ்சின் உறுதியாக இருக்கலாம், கூட வந்த ரப்பரின் வயது குறைவதில்லை.

பிறகு நிரப்புவது. குழாய் நீரில் உள்ள உப்புகள் உள்ளே படியும் என்பதால், காய்ச்சி வடித்த நீரில் கூலண்டைக் கலந்து, காரின் முன்பக்கத்தை உயர்த்தி நிறுத்தி, காற்றுக் குமிழ்கள் வெளியேறும்வரை எஞ்சினை ஓடவிட வேண்டும். ரேடியேட்டர் விசிறி தானாகச் சுற்றத் தொடங்கி நின்ற பிறகும், மறுநாள் காலை ஆறிய எஞ்சினில் மட்டத்தைப் பார்ப்பது அவசியம். எஞ்சின் நடுவில் இருக்கும் டொயோட்டா எம்ஆர்2, லோட்டஸ் எலிஸ் போன்றவற்றில் முன்னால் இருக்கும் ரேடியேட்டரிலிருந்து பின்னால் எஞ்சின் வரை நீண்ட குழாய்கள் ஓடுவதால், இந்தக் காற்று நீக்கும் வேலைக்கு இரட்டிப்புக் கவனம் தேவை.

இதையெல்லாம் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது. 2009 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட தேசிய மோட்டார் வாகனக் கொள்கை மறுஆய்வில், 15 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாகனங்களுக்கு ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை என்ற திட்டம் இருந்தது. மக்கள் எதிர்ப்பு கிளம்பியதும் சில வாரங்களிலேயே கைவிடப்பட்டது. ஏழைக் குடும்பங்களின் பழைய கார்களை எண்ணிப் பார்த்தால், அந்த எதிர்ப்பு நியாயமானதே. பரிசோதனை வேண்டாம் என்று கேட்டுப் பெற்ற பிறகு, பானட்டைத் திறந்து பார்க்கும் பொறுப்பு முழுவதும் சொந்தக்காரர் தலையில்தான் விழுகிறது. எக்ஸாஸ்ட்டுக்கும் ரிம்முக்கும் சேர்க்கும் பணத்தில் முதல் பங்கு ஹோஸ்களுக்கும் தெர்மோஸ்டாட்டுக்கும் ரேடியேட்டர் மூடிக்கும் போக வேண்டும். டைமிங் பெல்ட் மாற்றும்போது, அந்தப் பெல்ட்டாலேயே சுற்றும் வாட்டர் பம்பையும் சேர்த்து மாற்றிவிட வேண்டும்.

வடித்த பழைய கூலண்ட் எங்கே போகிறது என்பதையும் பட்டறைகள் யோசிக்க வேண்டும். கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் நஞ்சு; நாயும் பூனையும் நக்கினால் செத்துப்போகும். 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிமுறைகள் அதைக் கண்டபடி கொட்டக்கூடாத கழிவாகவே பட்டியலிட்டுள்ளன. கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பாதிக்கும் மேல் சிலாங்கூர் ஆற்றிலிருந்து போகிறது. அம்பாங் பெச்சாவின் கால்வாய்கள் போய்ச் சேருவதும் அதே ஆற்றில்தான். எஞ்சின் எண்ணெய்க்குத் தனி டிரம் வைத்திருக்கும் பட்டறைகள் கூலண்டுக்கும் ஒன்றை ஒதுக்கி, உரிமம் பெற்ற கழிவுச் சேகரிப்பாளரிடம் இரண்டையும் சேர்த்தே ஒப்படைக்கலாம்.